எந்தப் பக்கம்

கடல் இல்லாத புதுவயலில்
கடற்படைச் சட்ட அதிகாரி நான்,
இருபத்தாறு வருட சர்வீஸ்,
கோப்பின் கடைசிக் கையெழுத்துக்காக
அரிசி ஆலை வாசலில் நிற்கிறேன்.

பாய்லர் ஆள் வெள்ளைக்கண்ணு
உமி ஒட்டிய கையைக் கைலியில் துடைத்து
அறிக்கையில் மகன் பெயரைத் தேடுகிறார்.
'கவனக்குறைவு' என்ற சொல்லில்
விரல் நின்றுவிடுகிறது.

"அந்தக் கப்பல்ல வால்வு
எந்தப் பக்கம் திருகினா மூடும்மா?"

பதினொரு சாட்சிகள். நானூறு பக்கம்.
ஒருவரும் கேட்கவில்லை.
கேட்க வேண்டியவள் நான்.

அவித்த நெல்லின் வாடை
வெள்ளைச் சீருடையில் ஏறுகிறது.
"தெரியாது" என்கிறேன்.
சத்தியப் பிரமாணம் இல்லாமல்
நான் கொடுத்த முதல் வாக்குமூலம்.

காரைக்குடியில் ஆறு மணிக்கு ரயில்.
கையெழுத்துக் கட்டம் காலியாகவே இருக்கிறது.
அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு
ஆறிக் கிடக்கும் இரண்டாவது பாய்லர் பக்கம்
நடக்கிறார்,
வாங்க என்றுகூடச் சொல்லாமல்.