பாலத்தடியில் நாலு மணி நேரம்

தவறு என்னுடையது.
ஏழு மணிக்கு டிராம்பே ஜெட்டி என்றிருந்தார் தேவ்ராம் கோலி.
ஆட்டோக்காரனிடம் இருபது ரூபாய்க்கு வாதாடிவிட்டு
நான் போய்ச் சேர்ந்தது ஏழே முக்கால்.
'தண்ணி உனக்காக நிக்காது தாயீ' என்றார்.
தாயீ என்றால் அவர் மொழியில் அக்கா.
என்னைவிட இருபது வயது மூத்தவர்.

கழி தெற்கே வடிந்துகொண்டிருந்தது.
எதிரே எங்கள் ஒற்றை எஞ்சின்,
இருமி இருமி.
இடப்பக்கம் அலையாத்தி மரங்கள்
சேலையைத் தூக்கிச் செருகியவர்கள் மாதிரி
கணுக்கால் தெரிய, பிறகு முழங்கால் தெரிய.
தேவ்ராம் மூங்கிலைக் குத்திக் குத்திப் பார்த்தார்:
இடுப்பளவு. முழங்காலளவு.
ஒரு சாண்.
பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

எஞ்சின் சேற்றை ஒரு மிடறு விழுங்கி அணைந்தது,
வாஷி ரயில் பாலத்துக்கு நேர் கீழே.

உடனே அவர் பலகைக்கடியிலிருந்து
பழைய ஸ்கூட்டர் ஹெல்மெட் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார்.
இன்னொன்றை என்னிடம் நீட்டினார்.
கண்ணாடியெல்லாம் கீறல், உள்ளே மீன் வாடை.
'எதுக்கு?'
மேலே கை காட்டினார்.
'தேங்காய்.'

போன வருஷம் அவர் மச்சானுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டதாம்.
பூ விழுந்தால் போகட்டும்,
சாமி படம் விழுகிறது, சட்டத்தோடு, கண்ணாடியோடு.
'யார்தான் இந்த ஜனங்களோ.'
நான் ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டேன்.

பதினோரு வருஷமாக அந்தப் பாலத்தின் மேல் போகிறேன்.
மான்குர்து தாண்டியதும் பெண்கள் பெட்டி வாசலுக்கு நகர்ந்து,
ஒரு வாரத்துப் பூவைக் கட்டிய பையை
எட்டி விடுவேன், சனிக்குச் சனி.
கை தானாக நெஞ்சுக்கு வரும்.
கீழே எப்போதும் தண்ணீர் இருந்தது.
அல்லது, இருக்கும் என்று பார்க்காமல் விட்டேன்.

'ஓஹோட்டி முடியணும், பர்த்தி ஏறணும். நாலு மணி நேரம்.'
அரிசி ரொட்டியும் சென்னாகுன்னிச் சட்னியும் தந்தார்.
ரயில்களை எண்ணினேன், நாற்பதோடு அலுத்துவிட்டது.
ஐரோலி வரை போய்ப் பார்க்கவிருந்த பூநாரைகள்
தாமாகவே நடந்து வந்தன, நூறோ நூற்றைம்பதோ,
தலைகீழாக அலகை வைத்து
எங்கள் சேற்றைச் சலித்துக்கொண்டு.
பாதி தூரம்தானே, வாடகையில் தள்ளுவாரா
என்று யோசித்தேன்.

பத்தரைக்கு ஒரு வண்டி. ஒரு கை, வளையலோடு.
பை இரண்டு முழம் தள்ளி விழுந்தது.
தண்ணீர் இல்லாததால் சத்தம் வேறு,
ஈரக் கன்னத்தில் அறைந்தாற்போல.
மூழ்கவில்லை. கிடந்தது.
தேவ்ராம் மூங்கிலால் இழுத்து என் காலடியில் போட்டார்.
'பிரிச்சுப் பாரு, தங்கம் இருக்கும்.'

இரட்டை முடிச்சு, காதுகளை உள்ளே மடித்துச் செருகியது.
நானும் அப்படித்தான் கட்டுவேன்.
எல்லோரும் அப்படித்தான் கட்டுவார்களோ என்னவோ.
உள்ளே சாமந்தி, கருகிய திரி, காலிக் கற்பூர டப்பா,
தெரியாமல் சேர்ந்துவிட்ட ஒரு பள்ளிக்கூட ரசீது:
நாலாம் வகுப்பு, பாக்கி ஆயிரத்து இருநூறு.

பூவைச் சேற்றில் கொட்டினேன்.
பையை மடித்து ரசீதோடு கைப்பைக்குள் வைத்தேன்.
'நானும் போடுவேன்' என்றேன்.
தமிழில் சொன்னேன்.
ஹெல்மெட்டுக்குள் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.
அவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

நீர் திரும்பியதை நான் பார்க்கவில்லை.
நண்டு வளைகள் ஒவ்வொன்றாய்க் கொப்பளித்தன.
சேற்றின் மேல் ஒரு பளபளப்பு, நாக்கு நுனி அளவு.
சாமந்திதான் முதலில் கிளம்பியது, வடக்கே, ஐரோலிக்கு.
வெகுநேரம் கழித்து நாங்கள்.

அடுத்த சனி வாசலில் நின்றேன்.
கீழே நிறைநீர். ஒரு படகும் இல்லை.
'போடு போடு, பாலம் முடியப்போகுது' என்றாள் பின்னால் ஒருத்தி.
முடிந்தது.

மிளகாய் மண்டியில், என் கணக்கு மேஜைக்கு அடியில்
இப்போது மூன்று பைகள் இருக்கின்றன.
முதலாளி இன்னும் கேட்கவில்லை.