காரணம் எழுத வேண்டாம்

எம்டன் துறைமுகத்தில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
குடை இங்கே வெறும் நம்பிக்கை.

நாங்கள் செய்வது ரப்பர் வளையங்கள்.
பால் காய்ச்சும் எந்திரத்தின் மூட்டுகளில்
சொட்டவிடாமல் பிடித்துக்கொள்பவை.
உள்ளங்கை அகலம், சாம்பல் நிறம்,
ஒன்று மூன்று யூரோ நாற்பது.

கியூபாவில், கமாகுவேய் பால்பண்ணைக்கு
ஆண்டுக்கு நானூறு, பதினோரு வருடமாக.
யுசிமி அரென்சிபியா கேட்பாள், நான் அனுப்புவேன்.
ஒருமுறை ஆர்டரின் அடியில் எழுதியிருந்தாள்:
'இங்கே புயல். பசுக்கள் நலம்.'

இந்த மார்ச்சில் அவள் கட்டிய பணம் திரும்பிப் போய்விட்டது.
வங்கியில் கேட்டேன். உள்விதி என்றார்கள்.
என்ன விதி?
உள்ளே இருக்கிற விதி.

கடலுக்கு அப்பால் ஒரு சட்டம்:
அந்தத் தீவுக்கு விற்றால்
எங்கள் சந்தைக் கதவு உனக்குத் திறக்காது.
பிரஸ்ஸல்ஸில் ஒரு சட்டம்:
அந்தச் சட்டத்துக்குப் பணிந்தால்
நீ குற்றவாளி.
சாமி வரம் கொடுத்தாயிற்று.
பூசாரிதான் சாவியோடு
மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார்.

முதலாளி தியார்க்ஸ் கதவைச் சாத்தினார்.
கெட்டவர் இல்லை. முப்பத்தாறு பேருக்குச் சம்பளம் போடுகிறவர்.
ஒஹாயோவில் எங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் உண்டு.
'நிறுத்திவிடு, இம்கே. ஆனால் காரணம் எழுத வேண்டாம்.
எழுதினால்தான் குற்றம்.'

எட்டு முறை எழுதினேன்.
அமெரிக்கா என்ற சொல்லை அடித்தேன்.
தடை என்ற சொல்லை அடித்தேன்.
வருந்துகிறோம் என்பதை வழக்கறிஞர் அடித்தார்,
வருத்தத்துக்கும் ஒரு காரணம் இருக்குமாம்.
மிஞ்சியது இரண்டு வரி, தேதி,
என் கையெழுத்து.

மறுநாளே பதில். கோபம் இல்லை.
'வளையம் செய்வதையே விட்டுவிட்டீர்களா?
அப்படியானால் அளவை மட்டும் அனுப்புங்கள்.
லாரி ட்யூபில் வெட்டிப் பார்க்கிறோம்.'

பாதிப்பு இருந்தால் முப்பது நாளுக்குள்
பிரஸ்ஸல்ஸுக்குத் தெரிவிக்க வேண்டும்.
இன்று இருபத்தாறு.
படிவத்தைத் திறந்தால் முதல் கட்டமே
'யாரால்?'
தியார்க்ஸ் பெயரை ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.
கட்டத்துக்குள் சரியாகத்தான் அடங்கியது.
அழித்தேன்.

இரவு, வீட்டு மின்னஞ்சலில் இருந்து
அவளுக்கு அனுப்பினேன்:

வெளிவிட்டம் எண்பத்து நான்கு.
உள்விட்டம் எழுபத்திரண்டு.
தடிமன் ஆறு.

காரணம் எதுவும் எழுதவில்லை.