முந்நூற்றுப் பன்னிரண்டு

பாசியெடுக்கச் சுற்றிய துணியை
ஒரு விரலில் மட்டும் அவிழ்த்து
நீட்டினாள் முத்துராக்கு.
குத்தினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு.
பார் கிழித்த குதிகால்
பதினெட்டு நாளாய் மூடவில்லை.

"வெறும் வயிறுதானே சார்,
சீனி எங்கேருந்து வந்துச்சு?"

அக்கா, சீனி ரத்தத்திலேயே நிற்கிறது,
வீடு வீடாக, வாசலில்.
இன்சுலின் கதவைத் தட்டுகிறது.
உள்ளே ஆளுண்டு, பசியுமுண்டு.
தட்டுவது கேட்பதில்லை.
காயமும் அப்படித்தான்:
கிழிந்த தோல் விடாமல் ஆளனுப்புகிறது,
வெள்ளணுக்கள்
வாசனை பிடித்து வந்து சேர்வதற்குள்
சீழ் முந்திக்கொள்கிறது.

யோசித்தாள்.
"தீடை தாண்டுனா இவரு போனு
சிலோன் டவரப் புடிச்சுக்கும்.
நான் அடிச்சுக்கிட்டே கெடப்பேன்.
அதுமாதிரியா?"

கிட்டத்தட்ட, என்றேன்.
இங்கே டவர் சரி,
காதுதான் மரத்துவிட்டது.

ஒரு மாசம் தண்ணியில் இறங்கக் கூடாது.
இரண்டு தரம் சொன்னேன்.

தலையாட்டினாள்.
பாம்பன் பஸ் வரும்வரை
மண்டபம் ஆஸ்பத்திரி வாசலில்,
உடைமர நிழலில் உட்கார்ந்து
அந்த ஒற்றை விரலுக்குத்
திரும்பவும் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.