ஏழாம் வளைவு

தெலுக் பஹாங்கிலிருந்து ஏறுகிற மலைச்சாலையில்
எனக்கு ஒதுக்கியது ஏழாம் வளைவு.
பதினெட்டு ஆண்டுகளாக அதே வளைவு,
அதே மஞ்சள் கொடி.
கம்பு மட்டும் இருமுறை மாறியது.

பந்தயம் புறப்படும் இடத்தை நான் பார்த்ததில்லை.
முடியும் இடத்தையும்.
கீழே ஓர் உறுமல் கிளம்பும்,
மூன்றாம் வளைவில் கரகரக்கும்,
ஐந்தில் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்,
பிறகு சட்டென்று என் எதிரே
சூடான ரப்பர், தெறிக்கும் சரளை.
நான்கு நொடி.
அதற்கு மேல் எவரையும் எனக்குத் தெரியாது.

ஆனாலும் சொல்வேன்:
கியர் மாற்றும்போது இருமுகிறது
தியோ கோக் சியாங்கின் ஹோண்டா.
சுல்கிப்ளி வளைவுக்கு முன்னால்தான் பயப்படுகிறார்,
வளைவுக்குள் இல்லை.
குணமலர் பயப்படுவதே இல்லை,
அவளுடைய பழைய இஸ்வாராதான் பயப்படுகிறது.

எந்தப் புத்திசாலி குறித்த தேதியோ,
ஜூன் மாதம்,
மலை முழுக்க டுரியான் பழுத்துத் தொங்குகிற மாதம்.
சங்கத்துக்காரர்கள் வலை கட்டினார்கள்.
வலை எங்கே முடிகிறதென்று
மரங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வாக்கி டாக்கியில் ஷரிஃபா:
"முப்பத்தொன்று கிளம்பியாச்சு."
முப்பத்தொன்று, குணமலர்.
மூன்றில் கரகரப்பு. ஐந்தில் மௌனம்.
அப்போது விழுந்தது
தொப்பென்று, சாலை நடுவில்,
ஒரு கைக்குழந்தை எடை,
முள்ளெல்லாம் விறைத்து.

கொடியை ஆட்டுவதா, ஓடிப்போய் எடுப்பதா?
கையேட்டில்
பழம் பற்றி ஒரு வரி கிடையாது.
இடக்கையில் கொடி படபடக்க
வலக்காலால் உதைத்தேன்.
பெருவிரல் இன்னும் வலிக்கிறது.
அது உருண்டு வடிகாலில் விழவும்
பிரேக் கதற அவள் கடந்தாள்,
முதன்முறையாக ஆறு நொடி.

மாலையில் மேலிருந்து நடந்தே வந்தாள்,
தலைக்கவசம் கக்கத்தில்.
"ஒன்னு புள்ளி எட்டு நொடியில முதலிடம் போச்சு.
நீங்கதானே கொடி காட்டினது?
ரோட்டுல ஒன்னுமே இல்லையே!"
"டுரியான்," என்றேன்.
"எங்க?"
வடிகால் விளிம்பில் பிளந்து கிடந்த ஓட்டைக் காட்டினேன்.
நம்பவில்லை.
என் விரல்களைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.
"கசப்பா, இனிப்பா?"
"கசப்பு. கடைசியில கொஞ்சம் இனிப்பு."
"ஒரு சுளைகூட மிச்சம் வைக்கல."
அந்தக் குரலில் இருந்த கோபம்
பந்தயத்தைப் பற்றியது இல்லை.

டயர்களை லாரியில் ஏற்றிப் போனார்கள்.
சாலை திறந்ததும் முதலில் வந்தது
ஜாதிக்காய் மூட்டையோடு ஒரு மோட்டார் சைக்கிள்,
முக்கி, முனகி,
என் வளைவில் முழுதாக இருபது நொடி.
ஓட்டியவருக்கு மேல்பல் ஒன்று இல்லை.
சட்டைப் பையில் இரண்டு பேனா.