தும்மலுக்கு ஒரு புள்ளி

இரவு ரெண்டு மணி. தாளை விரிக்கிறேன்.
கீச்சிட்ட அழுகை: மூன்று.
தொடாமலே நடுங்கும் கை: மூன்று.
கொட்டாவி: ஒன்று.
துணியில் தேய்ந்து தேய்ந்து
தோல் உரிந்த முழங்காலுக்கும்
இங்கே ஒரு கட்டம் இருக்கிறது.

பிறகு அவன் தும்முகிறான்.
ஒன்று, ரெண்டு. மூச்செடுத்து இன்னும் மூன்று.

எங்கள் வீட்டில் பிள்ளை தும்மினால்
குசினிக்குள்ளிருந்து யாராவது சத்தம் போடுவார்கள்: நூறு!
அடுத்த தும்மலுக்கு இருநூறு.
இந்தத் தாளில்
எத்தனை தும்மினாலும் ஒரே ஒரு புள்ளி.
ஐந்நூறு என்று வாய்க்குள் சொல்லிவிட்டு
ஒன்று என்று எழுதுகிறேன்.

பிறந்து மூன்று நாள்.
தொட்டில் சீட்டில் பெயர் இல்லை.
கொரற்றியின் குழந்தை, ஆண்,
ரெண்டு கிலோவும் நூற்றிப்பத்தும்.

கொரற்றிக்கு இருபத்திரண்டு.
புளூமெண்டல் பக்கம், தண்டவாளத்துக்கும்
குப்பைமேட்டுக்கும் நடுவே ஓர் அறை.
குடு பாவிப்பதுண்டா என்று
கிளினிக்கில் மூன்று தடவை சிங்களத்தில் கேட்டார்கள்.
மூன்று தடவையும் 'நே' என்றாள்.
என்னிடம் தமிழில் சொன்னாள்,
கைகழுவும் தொட்டியடியில்,
குழாயை முழுக்கத் திறந்துவிட்டு:

'சொன்னா பொலிஸ் வருமெண்டு பயம் மிஸ்.
ஆறாம் மாசம் நானே விட்டுப் பாத்தன்.
கதவப் பூட்டிக்கிட்டு ரெண்டு நாள்.
வாந்தி, வயித்தோட்டம்,
எலும்புக்குள்ள எறும்பு.
அதெல்லாம் தாங்கிட்டன்.
உள்ளுக்குள்ள இவன் உதைச்ச உதை மிஸ்,
வெளிய விடு வெளிய விடுன்னு.
பிறகு ரத்தம் கண்டுச்சு.
அதுக்குப் பிறகுதான் திரும்ப எடுத்தன்.
இவனுக்காகத்தான் எடுத்தன் எண்டு சொன்னா
நம்புவீங்களா?'

தனியாக, திடீரென்று விடக் கூடாது பிள்ளை,
வந்திருந்தால் வேறு மருந்து தந்து
உன்னையும் அவனையும் பார்த்திருப்போமே
என்று சொல்ல வாயெடுத்தேன்.
மூன்று மாதம் பிந்திய பேச்சு.
குழாயை மூடினேன்.

நஞ்சுக்கொடி.
படிக்கிற காலத்தில் சிரித்திருக்கிறோம்,
சோறூட்டும் கொடிக்கு
எவன் வைத்தான் இந்தப் பெயர் என்று.
கொடிக்கு நஞ்சும் தெரியாது சோறும் தெரியாது.
அம்மா தின்ற பாணையும் பருப்பையும்
ஈயத்தாளில் சூடாக்கி அவள் இழுத்த புகையையும்
ஒரே கையால் பரிமாறியது.
கத்தரிக்கோல் பட்ட நிமிடத்தில்
பந்தி முடிந்தது.
அவன் உடம்பு இன்னும் இலை முன்னால் குந்தியிருக்கிறது.

புள்ளிகள் ஏறிக்கொண்டே போனதால்
நேற்று டொக்டர் எழுதினார்.
அலுமாரிக்கு ரெண்டு சாவி,
புத்தகத்தில் ரெண்டு கையெழுத்து,
ஊசியில்லாத சிரிஞ்சில் சில துளி மோர்ஃபின்.
இதன் ஒன்றுவிட்ட தம்பியைச் சட்டைப்பையில் வைத்திருந்ததற்காக
கொரற்றியின் புருஷன் மகசீனில் இருக்கிறான்.
நான் வெள்ளைச் சப்பாத்தோடு நின்று
அவன் மகனின் கன்னத்துக்குள் விடுகிறேன்.
சப்புகிறான்.
சப்பும்போது என் முகத்தைப் பார்க்கிறான்.
எனக்கு அது பிடிக்கவில்லை.

நாலு மணிக்கு அவள் வருகிறாள்,
சுவரைப் பிடித்துப் பிடித்து.
மங்கல் விளக்கில் சட்டையைத் திறந்து
அவனை நெஞ்சோடு ஒட்டி வைக்கிறேன்.
ஜன்னலுக்கு வெளியே கனத்தைப் பக்கம்
பூக்கடைக்காரர்கள் வாளி கழுவும் சத்தம்.
அந்தச் சத்தத்துக்கே இருவரும் துடிக்கிறார்கள்,
ஒரே நேரத்தில்.

அவளும் தும்முகிறாள்.
கொட்டாவி, வியர்வை, கையில் மயிர்க்கூச்சு.
அவளுக்கான தாள் இந்த வார்டில் இல்லை.
'நூறு' என்றேன், சத்தமாகவே.
நிமிர்ந்து பார்த்தாள்.
'அவ்வளவு வேணாம் மிஸ்' என்றாள்.

ஆறு மணி. கீச்சிட்ட அழுகை: ரெண்டு.
மூன்றிலிருந்து ரெண்டுக்கு வர நாலு மணித்தியாலம்.
பகல் வேலைக்கு வருகிறவளுக்கு
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைக்கிறேன்:
பெரிய லைட்டைப் போடாதே.
தாய் தூங்குகிறாள், பிள்ளையைப் பிரிக்காதே.
அவளைப் பற்றி பெரிய டொக்டரிடம் நானே கதைக்கிறேன்,
வீட்டுக்குப் போகமாட்டேன்.