அக்கட்டால

சத்தி ரோட்டில், மூன்றாவது மாடி.
ஏசி பதினெட்டில் ஓடுகிறது, கருவிகளுக்காக.
மனிதர்களுக்குப் போர்வை வைத்திருக்கிறோம்.

பொங்கியண்ணன், ஐம்பத்தெட்டு,
திருச்செங்கோடு, ரிக் வண்டி ரெண்டு.
வலது மூளையில் அடைப்பு, பதினோரு வாரம்.
கடிகாரம் வரையச் சொன்னேன்.
வட்டம் சுத்தமாக வந்தது.
பன்னிரண்டில் தொடங்கி ஆறு வரை எழுதி
பென்சிலைக் கீழே வைத்தார்.
"முடிஞ்சுதுங்களா?"
"இன்னும் என்னங்க கெடக்குது அதுல?"

தாளில் நாற்பது கோடு, எல்லாவற்றையும் வெட்டவேண்டும்.
பத்தொன்பதை வெட்டினார்.
கண்ணில் குறையில்லை, சான்று கோப்பில் இருக்கிறது.
அக்கட்டால என்று ஒரு பக்கம் உண்டென்பதே
அவர் கணக்கில் இல்லை.

ஆனால் ராய்ப்பூர் பக்கம்
ஆயிரத்து இருநூறு அடி ஓட்டியும்
புழுதி மட்டுமே வந்த குழியை
தோட்டக்காரன் பேரோடு சொல்கிறார்.
ஒரு ராடு குறையவில்லை.

துளசிமணி அவருக்கு இடப்புறம்
கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார்.
"துளசி எங்க போய்ட்டா?"
மூன்றாவது முறை கேட்டதும் அந்தம்மா எழுந்து
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
சுற்றி வந்து வலப்புறம் போட்டார்.
"சோறும் இப்படித்தானுங்க.
பாதி தின்னுபோட்டுப் பத்துலைம்பாரு.
வட்டலைத் திருப்பி வெச்சா
மிச்சத்தையும் தின்னுக்குவாரு."
நாங்கள் அச்சடித்து வைத்திருக்கும் பயிற்சியில்
அது நான்காம் வாரம்.

அடுத்தது நினைவுக்காட்சி.
தெரிந்த இடத்தை எதிரே நின்று சொல்லவேண்டும்,
பிறகு மறுமுனையில் நின்று.
தெருவைக் கேள் என்கிறது கையேடு.
நான் மலைமேல் நிற்கும் சாமியைக் கேட்டேன்.
ஏன் கேட்டேன் என்று குறிப்பில் எழுதவில்லை.

கண்ணை மூடிக்கொண்டார்.
"உள்ள போயாச்சுங்க. தீவாராதனை ஆகுது."
என்ன தெரியுது?
"சேலைக் கொசுவம்.
இடுப்புல வெச்ச கை.
கால்ல சிலம்பு.
அம்மன் நிக்கறா."
வேற?
"அவ்வளவுதானுங்க. அம்மன்."

தண்டு பிடித்த கை இல்லை, வேட்டி இல்லை.
அம்மையும் அப்பனுமாய் ஒரே உடம்பு,
சின்ன வயசிலிருந்து கும்பிட்டது.
துளசிமணி என்னைப் பார்த்தார்.
நான் தாளைப் பார்த்தேன்.

விதிப்படி அவரை மறுமுனைக்குக் கொண்டுபோகவேண்டும்.
"இப்ப சாமிக்குப் பின்னால போய்
நின்னு பாருங்க."
கண்ணைத் திறந்துவிட்டார்.
"அங்க எப்படீங்க நாம போறது?
குருக்கள் நிக்கற எடமுங்க."
"நெனப்புலதானுங்களே?"
"நெனப்புல மட்டும் போலாமுங்களா?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'மறுத்தார்' என்று எழுதி அடித்தேன்.
'இயலவில்லை' என்று எழுதி
அதையும் அடித்தேன்.

கிளம்பும்போது
இடத்தோள் கதவு நிலையில் இடித்தது.
யாரோ மேலே வந்து விழுந்ததுபோல
"பாத்துப் போம்மா" என்றார்,
வலப்பக்கம் திரும்பி.

அங்கே துளசிமணி இருந்தார்.
"செரீங்க" என்றார்.