நான்காம் பக்கம்

காட்பாடி. மே மாதம். பகல் பன்னிரண்டு மணி.
கல்லூரி விளம்பரத்துக்குப் படம் எடுத்தவர்
'லைட் பத்தலப்பா, பின் வரிசைக்குப் போ' என்றார்.
வேலூர் முழுக்க
வெளிச்சம் பத்தாத ஒரே இடம்
என் முகம்தான் போல.

சிரித்துக்கொண்டே போனேன்.
அதை விடுங்கள்.

குறும்படப் போட்டிக்குக் கதை என்னுடையது.
போதைப்பொடி விற்கிறவன் நான்காம் பக்கத்தில் வருவான்:
இரண்டு வசனம், ஒரு அறை, ஒரு ஓட்டம்.
பார்மசி மூன்றாமாண்டு பராக்கா,
தான்சானியாக்காரன்,
'பார்த்தாலே பொருந்துவான்' என்றாள் ஜெனிலா.
தலையாட்டியவன் நான்.

தங்கிலீஷில் நான் எழுதியதை
கேன்டீன் பெஞ்சில் எழுத்துக் கூட்டிப் படித்தான்.
'இவன் பேர் என்ன?'
தாளில் 'ஆப்பிரிக்கன் 1' என்று இருந்தது.
இரண்டாமவன் கதையிலேயே கிடையாது.

'காலையில என்ன சாப்பிட்டான்?'
'எந்த மெஸ்?'
'அவனுக்கும் அரியர் இருக்கா?'
கேலியா கோபமா, பிடிபடவில்லை.
ஜெனிலா பேனாவைத் திறந்தாள், மூடினாள்.
நாளைக்கு ஆயிரத்து இருநூறு வாடகையில்
பைக்குள் தூங்கியது கேமரா.

லேபுக்கு நேரமாச்சு என்று எழுந்தவன்
நின்றான்.
'இதுல உனக்கு என்ன வேஷம்?'

தொலைத்ததைத் தேடுகிறவன் மாதிரி
பதினோரு பக்கமும் புரட்டினேன்.
நாயகன் சிவத்த பையன்.
நண்பன் அவனைவிடச் சிவப்பு.
குடியாத்தத்துக் கறுப்பனுக்கு
ஒரு வரிகூட வைத்திருக்கவில்லை
நான்.

பராக்கா பையை மறுபடி பெஞ்சில் வைத்தான்.
ஜெனிலாவிடம் கை நீட்டினான்,
பேனாவுக்கு.